கார் சிகரெட் லைட்டர் சாக்கெட்டை நீங்களே மாற்றலாம்: இரண்டு முறை மாற்றியவன் சொல்கிறேன்

டயரில் காற்று இறங்கிப்போன ஓர் இரவில்தான் எங்கள் காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட் சரியில்லை என்பது தெரியவந்தது. காற்றடிக்கும் பம்பைச் செருகினேன். ஒரு முனகல், அவ்வளவுதான். அதே சாக்கெட்டில் கைப்பேசி சார்ஜரைச் செருகினால் நன்றாக வேலை செய்தது. சாக்கெட் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, புதிது வாங்கி மாற்றினேன். பம்பு மறுபடியும் முனகியது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே இன்னொன்று வாங்கி மாற்றினேன். மூன்றாவது முனகலுக்குப் பிறகுதான், கோளாறு சாக்கெட்டில் இல்லாமலும் இருக்கலாமே என்று தோன்றியது.

எனவே இந்த விளக்கத்தில் கழற்றி மாட்டும் வேலையைவிடக் கம்பியைச் சோதிக்கும் வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சாக்கெட்டை மாற்ற அரை மணி நேரம் போதும். எதை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு மூன்று வாரம் ஆனது.

முதலில் ஃபியூஸ்

சாக்கெட்டில் எதுவுமே வேலை செய்யவில்லை என்றால், எதையும் கழற்றும் முன் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டி எங்கே, எந்த ஃபியூஸ் எதற்கு என்பதெல்லாம் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பெரும்பாலான கார்களில் இந்தச் சாக்கெட்டுக்கு 15 அல்லது 20 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். 15 என்றால் நீலம், 20 என்றால் மஞ்சள். எரிந்திருந்தால் அதே அளவில் ஒன்றைப் போடுங்கள். "20 இல்லை, 30 போட்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: ஃபியூஸ் காப்பாற்றுவது உங்கள் பம்பை அல்ல, டாஷ்போர்டுக்குள் ஓடும் கம்பியை. பெரிய ஃபியூஸ் போட்டால், அடுத்த முறை எரிவது அந்தக் கம்பியாக இருக்கும்.

ஃபியூஸை மாற்றியதோடு விட்டுவிடாதீர்கள்; ஏன் எரிந்தது என்றும் பாருங்கள். டார்ச் அடித்துச் சாக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடக்கும். நாணயம், ஊக்கு, மிட்டாயின் பளபளக்கும் காகிதம். இன்னொரு குற்றவாளி சார்ஜரின் முனையிலுள்ள உலோகக் குமிழ். அது திருகாணி போலக் கழன்று உள்ளே விழுந்து, நடுமுனையையும் பக்கச் சுவரையும் இணைத்துவிடும். வெறும் விரலையோ உலோகக் கிடுக்கியையோ விட்டு எடுக்காதீர்கள். சாவியை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எடுங்கள்.

என்ன வாங்குவது

கடையில் இரண்டு வகை கிடைக்கும். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உண்மையான சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் அடியில் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பற்றுகள் இருக்கும். லைட்டரை அழுத்தினால் அவை பிடித்துக்கொள்ளும். சூடானதும் வளைந்து விட்டுவிடும், லைட்டர் துள்ளி வெளியே வரும். மின்சாரம் எடுக்க மட்டும் என்று விற்கப்படும் சாக்கெட்டில் இந்தப் பற்றுகள் கிடையாது. அதில் பழைய லைட்டரைச் செருகினால் நேரத்துக்குத் துள்ளி வெளியே வர வழியில்லை, சூடேறிக்கொண்டே இருக்கும். அந்த வகையை மாட்டினால் லைட்டரை வண்டியிலிருந்தே அப்புறப்படுத்திவிடுங்கள்.

யூஎஸ்பி துளையும் எண் காட்டும் சிறு திரையும் சேர்ந்த சாக்கெட்டுகள் எனக்குப் பிடிப்பதில்லை. சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் வரும் இணைப்பில் மாட்டினால், திரை இரவும் பகலும் எரிந்து பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். வெறும் சாக்கெட் போதும். சார்ஜர் கெட்டால் சார்ஜரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கருவிகளில், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் கட்டாயம். விலை குறைந்ததே போதும். அதோடு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஹோல்டரோடு வாங்கி, இரண்டு நீளக் கம்பி இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். இது ஏன் மல்டிமீட்டரைவிட முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன். கம்பி முனைகளை நசுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் பிளையரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பாதியில் விட்டுவிடாமல், முழுதாக அழுத்தும்வரை பிடியை விடாத வகையை வாங்குங்கள்.

கழற்றுதல்

பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். நேர்முனையை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டால், தீப்பொறியோடு நிற்காது, ஸ்பேனரே பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளலாம். ரேடியோவுக்கு ரகசிய எண் கேட்கும் வண்டியாக இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சில நிமிடங்கள் காத்திருந்துவிட்டு டாஷ்போர்டில் கை வையுங்கள். உள்ளே மஞ்சள் உறை போட்ட கம்பியோ மஞ்சள் கனெக்டரோ தென்பட்டால் அது காற்றுப்பையுடையது. அதைத் தொடவும் வேண்டாம், சோதிக்கவும் வேண்டாம்.

சாக்கெட் ஒரே துண்டு என்று நினைத்துத்தான் நான் முதலில் நெம்பினேன். அது இரண்டு துண்டு: வெளியே பிளாஸ்டிக் வளையம், அதற்குள் உலோகக் குழாய். உலோகக் குழாயின் உட்சுவரில் எதிரெதிரே இரண்டு சிறிய சன்னல்கள் தெரியும். பிளாஸ்டிக் வளையத்தின் நாக்குகள் அந்தச் சன்னல்களில் மாட்டிக்கொண்டிருக்கும். ஒல்லியான தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஒரு நாக்கை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே குழாயை இரண்டு மில்லிமீட்டர் இழுங்கள். பிறகு அடுத்த நாக்கு. இரண்டும் விட்டதும் குழாய் வழுக்கிக்கொண்டு வரும். அதற்குப் பிறகே பிளாஸ்டிக் வளையம் வரும். முன்பக்கத்திலிருந்து வராது என்று அடம்பிடித்தால், கன்சோல் மூடியைக் கழற்றிப் பின்னாலிருந்து தள்ளுவதே நல்லது. வேகம் காட்டினால் வளையம் உடையும். என்னுடையது உடைந்தது.

பின்னால் இருக்கும் கனெக்டரைக் கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். அதன் நாக்கை அழுத்தி உருவுங்கள். வளையத்துக்கு ஒளிதரும் சிறு பல்பு ஒன்று தனிக் கம்பியில் இருக்கலாம். அதை ஓரமாக வையுங்கள்.

எது நேர்முனை, எது எர்த்

எர்த் என்பது வண்டியின் உடல் வழியாகப் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் கம்பி. சிவப்புதான் நேர்முனை, கருப்புதான் எர்த் என்று நம்பி இறங்காதீர்கள். பல ஜெர்மானிய வண்டிகளில் எர்த் கம்பி பழுப்பு நிறம். முன்பு வேறு யாராவது கை வைத்த வண்டியில் நிறத்துக்கு அர்த்தமே கிடையாது.

கம்பி முனைகள் எதிலும் படாதபடி விலக்கி வைத்துவிட்டுப் பேட்டரியை மறுபடி இணையுங்கள். சாவியைத் திருப்புங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கருப்பு முனையை வண்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் அழுத்தி, சிவப்பு முனையால் ஒவ்வொரு கம்பியையும் தொடுங்கள். இஞ்சின் ஓடாதபோது 12.4 முதல் 12.7 வரை காட்டும் கம்பி நேர்முனை. ஒளிப்பல்புக்கான கம்பியும், முகப்பு விளக்கைப் போட்டால் இதே அளவைக் காட்டும். விளக்கை அணைத்துவிட்டுச் சோதித்தால் குழப்பம் வராது.

என் மூன்று வாரத்தை விழுங்கிய இடம்

நேர்முனைக்கும் எர்த் கம்பிக்கும் இடையே அளந்தால் எனக்கு 12.3 வோல்ட் காட்டியது. நல்ல அளவுதானே? அப்படி நினைத்துத்தான் இரண்டு சாக்கெட்டுகளை வாங்கினேன்.

மல்டிமீட்டர் வோல்ட்டை அளக்கும்போது கிட்டத்தட்ட மின்சாரமே எடுப்பதில்லை. அடைத்துக்கொண்ட குழாயின் வாயை விரலால் மூடிப் பாருங்கள். விரலை நீர் முழு அழுத்தத்தோடு முட்டும். விரலை எடுத்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். என் மீட்டர் காட்டிய 12.3 அந்த விரலில் தெரிந்த அழுத்தம். சார்ஜருக்கு அரை ஆம்பியர் இருந்தால் போதும், எனவே அது பிழைத்துக்கொண்டது. காற்றடிக்கும் பம்பு 10 ஆம்பியர் அளவில் கேட்கும்.

பல்பு வேலைக்கு வருவது இங்கேதான். 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் எடுக்கும். அதை இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே இணைத்து, எரியும்போதே மறுபடி அளந்தேன். 5.2 வோல்ட். பல்பு மங்கிய ஆரஞ்சு நிறத்தில் அழுதுகொண்டிருந்தது. மீதி 7.1 வோல்ட் எங்கே?

தேடும் முறை எளிது. பல்பு எரியட்டும். மீட்டரின் சிவப்பு முனையை எர்த் கம்பியிலும், கருப்பு முனையைச் சுத்தமான உடல் உலோகத்திலும் வையுங்கள். இரண்டும் எர்த் என்பதால் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எனக்கு 7.1 காட்டியது. அதாவது எர்த் கம்பி வண்டியின் உடலைச் சேரும் இடத்தில் அடைப்பு. எர்த்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால், நேர்முனைப் பக்கத்தில் ஃபியூஸ் பெட்டிவரை பாருங்கள். ஃபியூஸைப் பிடிக்கும் பற்று தளர்ந்தோ கருகியோ இருக்கலாம்.

எர்த் கம்பியைப் பின்தொடர்ந்து போனால், கன்சோலின் இடப்பக்கம் கம்பளத்துக்கு அடியில் ஒரு போல்ட்டில் முடிந்தது. முன்பு எப்போதோ பாட்டுக் கருவி மாட்டியவர் அதைக் கழற்றி, தன் கம்பியையும் சேர்த்து, பெயின்ட் மேலேயே அரைகுறையாக முடுக்கியிருந்தார். வளைய முனைக்கு அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் வளையத்தையும் அதன் அடியிலுள்ள இடத்தையும் பளபளக்கும்வரை தேய்த்தேன். பல் வைத்த வாஷர் ஒன்றைப் போட்டு இறுக முடுக்கி, ஈரம் ஏறாமல் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். மறுபடி அளந்தபோது 7.1 இருந்த இடத்தில் 0.04. பல்பைப் பார்த்தால் கண் கூசியது.

கம்பி இணைத்தல்

புதிய சாக்கெட்டின் பின்னால் நடுவிலிருக்கும் தகடு நேர்முனை. பக்கத்தில், குழாயோடு ஒட்டியிருப்பது எர்த். மாற்றிக் கொடுத்தால் சார்ஜர்கள் சாகும். பழைய கனெக்டர் அப்படியே பொருந்தினால் அதிர்ஷ்டம், அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

பொருந்தாவிட்டால் கனெக்டரை வெட்டி, தகட்டில் செருகும் தட்டையான 6.3 மில்லிமீட்டர் ஸ்பேட் முனைகளைக் கிரிம்ப் செய்யுங்கள். முனைக்கு உறை உள்ளதாக வாங்குங்கள். நேர்முனை வெறுமையாக ஆடிக்கொண்டிருக்கக் கூடாது. ஈயம் வைத்துப் பற்றவைத்தால்தான் உறுதி என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஈயம் கம்பி இழைகளுக்குள் ஏறி விறைத்துவிடும். வண்டி அதிர அதிர, விறைப்பு முடியும் இடத்தில் இழை இழையாக முறியும். கம்பியைக் கீறிக் கடித்துக்கொள்ளும் நீல நிறக் கிளிப்புகளையும் வாங்க வேண்டாம். இன்சுலேஷன் டேப்பும் வேண்டாம். வெயிலில் நின்ற காருக்குள் அது பிசினாகி வழுக்கிவிடும். சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள்.

கம்பியை நீட்ட வேண்டியிருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 15 ஆம்பியருக்குத் தாராளம். பேட்டரியிலிருந்தே புதிதாக இழுக்கிறீர்கள் என்றால் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் வழியெல்லாம் காப்பில்லாத கம்பி.

கிரிம்ப் செய்ததும் ஒவ்வொரு முனையையும் பிடித்து ஓர் இழுப்பு இழுங்கள். வருவதாக இருந்தால் இப்போதே வரட்டும்.

மாட்டும்போது வரிசை தலைகீழ்: முதலில் பிளாஸ்டிக் வளையம், பிறகு உலோகக் குழாய். கம்பிகளை முன்னாலேயே வளையத்தின் வழியாக வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். நான் கம்பிகளைக் குழாயில் இணைத்து, வேலை முடிந்தது என்று மகிழ்ந்த பிறகு, வளையம் என் மடியில் இருப்பதைப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து பேட்டரியை இணைத்ததும் சார்ஜரை வைத்துச் சோதிக்காதீர்கள். அது எதை வேண்டுமானாலும் மன்னிக்கும். இஞ்சினை ஓடவிட்டுப் பம்பைச் செருகி ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். பேட்டரியைக் கழற்றியதால் கதவுக் கண்ணாடி தானாக ஏறி இறங்குவதை மறந்திருந்தால் கையேட்டில் உள்ளபடி மறுபடி பழக்குங்கள்.

பின்சேர்க்கை 1: பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் சார்ஜர் அணைந்து எரிகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பெரும்பாலும் கம்பியில் கோளாறு இருக்காது. சாக்கெட்டின் பக்கச் சுவரிலுள்ள வில் தகடு தளர்ந்திருக்கும், அல்லது சார்ஜரின் முனை உள்ளே அமுங்கியே நின்றிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தகட்டை மெல்ல உட்புறமாக வளைத்துப் பாருங்கள். நான் முதல்முறை பேட்டரியைக் கழற்றாமல் செய்து ஒரு நீல ஃபியூஸைப் பலி கொடுத்தேன்.

பின்சேர்க்கை 2: ஃபியூஸ் பெட்டியிலிருந்தே புதிய இணைப்பு எடுக்கும் இரட்டை ஃபியூஸ் தாங்கியை மாட்டலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மாட்டலாம், ஆனால் அதற்குத் திசை உண்டு. பழைய ஃபியூஸை எடுத்துவிட்டு, இரண்டு துளைகளில் எதில் 12 வோல்ட் வருகிறது என்று அளங்கள். இரண்டு ஃபியூஸ்களுக்கும் பொதுவான கால் அந்தத் துளையில் இறங்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும், அதுதான் சிக்கல்: புதிய சாக்கெட்டின் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும், பம்பைப் போட்டதும் இரண்டும் சேர்ந்து அணையும்.

பின்சேர்க்கை 3: பத்து நிமிடம் பம்பு ஓடியதும் சாக்கெட் தொட முடியாதபடி சுடுகிறது என்று எழுதியவருக்கு: பல்பை எரியவிட்டு, ஒவ்வொரு ஸ்பேட் முனைக்கும் அதன் கம்பிக்கும் இடையே அளக்கச் சொன்னேன். நேர்முனையில் 0.6 வோல்ட் காட்டியிருக்கிறது. பிடித்து இழுத்ததும் முனை கையோடு வந்துவிட்டதாம்.