செம்மண்ணில் திணறிய டிடெக்டர்

வர்ஜீனியாவின் கல்பெப்பர் கவுண்டியில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் எச்சங்களுக்குக் குறைவில்லை. 1863–64 குளிர்காலத்தில் வடக்கின் பொட்டோமாக் சேனை பிராண்டி ஸ்டேஷனைச் சுற்றித்தான் முகாமிட்டிருந்தது. தொல்லை மண்ணில்தான் இருக்கிறது: இரும்புச் சத்து மிகுந்த செம்மண். உரிமையாளரின் அனுமதியோடு ஒரு பண்ணையில் தேடியபோது, என் சாதாரண மெட்டல் டிடெக்டர் வெறும் தரைக்கே ஓயாமல் கத்தியது.

முதலில் உணர்திறனைப் பாதியாகக் குறைத்தேன். ஆழம் போய்விடுமே என்பார்கள். கூச்சலில் எதுவும் கேட்காதபோது ஆழம் எதற்கு? பிறகு உலோகமில்லாத இடமாகப் பார்த்து, டிடெக்டரின் அடியிலுள்ள தேடும் சுருளைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்கி, சத்தம் சீராகும்வரை மண்ணுக்கேற்ற சமநிலையைத் திருத்தினேன். பெரிய சுருளைக் கழற்றிவிட்டு ஆறு அங்குலச் சுருளை மாட்டியதில்தான் பெரும் பலன். அது ஒரே நேரத்தில் பார்க்கும் மண் குறைவு அல்லவா! அந்தப் போரின் மினியே வகை ஈயத் தோட்டாக்கள், வெள்ளை படிந்து, அடியில் வரிப்பள்ளங்களோடு, வெளிவரத் தொடங்கின.

இன்னும் ஆழத்துக்குப் பல்ஸ் இண்டக்ஷன் கருவிதான் சரி. தான் அனுப்பும் மின்துடிப்பு நின்ற பிறகு வரும் எதிர்வினையை மட்டும் அது கவனிப்பதால் மண்ணின் இரைச்சல் குறைகிறது. ஆனால் துருப்பிடித்த ஆணிகளை ஒதுக்குவதில் படுமோசம். முதுகு ஒடியத் தோண்ட வேண்டும்.

தேசியப் பூங்காக்களாக உள்ள போர்க்களங்களுக்கு டிடெக்டரை எடுத்துச் செல்வதே குற்றம். கனத்த இரும்பு உருண்டை தென்பட்டால் தொடாமல் போலீசை அழையுங்கள். 2008-இல் வர்ஜீனியாவில் பழைய பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்தவர் அது வெடித்து இறந்தார்.