உலகம் அழிந்த பிறகு வீட்டில் ஐந்து பேர்: இன்டராக்டிவ் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாசகரின் தேர்வுக்கேற்பக் கிளைபிரியும் கதைகளை உருவாக்க உதவும் ட்வைன் என்ற மென்பொருளில் எழுத வருபவர்கள் பலரும் முதலில் கையில் எடுப்பது இந்தக் கருவைத்தான். உலகம் அழிகிறது, ஒரு குடும்பம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறது, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை வாசகர் முடிவு செய்ய வேண்டும். நல்ல கருதான். ஆனால் ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறுகளைப் புதியவர்களின் வரைவுகளிலும் பார்க்கிறேன். அறுந்த இணைப்பு, எழுத்துப்பிழை எல்லாம் இங்கே வேண்டாம். அறுந்த இணைப்பை ட்வைன் தன் வரைபடத்திலேயே காட்டிவிடும்.

தகவல் இல்லாத தேர்வு

இடது பக்கம் போவதா, வலது பக்கம் போவதா என்று கேட்பார்கள். வலது பக்கம் போனால் தங்கை செத்துவிடுவாள். காசு சுண்டிப் போட்டது போலத்தான் அது, வாசகருக்கு வலிக்காது. விளைவு ஓரளவு தெரிந்து, அதன் பிறகும் அவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அணுகுண்டுக் கதை என்றால் இயற்பியலே உதவிக்கு வரும். குண்டு வெடித்த பிறகு நேரம் 7 மடங்காகும் ஒவ்வொரு முறையும், கீழே படிந்த துகள்களின் கதிர்வீச்சு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையும். முதல் மணி நேரத்தில் இருந்த அளவு 7 மணி நேரத்தில் பத்தில் ஒன்று, 49 மணி நேரத்தில் நூறில் ஒன்று, இரண்டு வாரத்தில் ஆயிரத்தில் ஒன்று. இதை ரேடியோ அறிவிப்பாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம் முதல் நாள் இரவே அப்பாவின் இன்சுலின் தீரட்டும். இப்போதே மருந்துக் கடைக்குப் போவதா, இன்னும் ஒரு நாள் பொறுப்பதா?

செத்தவர் கதையிலிருந்தே காணாமல் போவது

எத்தனை முறை சொன்னாலும் இது திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கும் எரிச்சல் குறைந்தபாடில்லை.

ஒருவர் படிக்கக் கொடுத்த வரைவில் அப்பா, அம்மா, ஆச்சி, அக்கா, தம்பி என்று ஐந்து பேர். தன் பங்குத் தண்ணீரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு ஆச்சி இறந்துபோகிறாள். அந்த இடத்தை நன்றாகவே எழுதியிருந்தார். அடுத்த பாசேஜை, அதாவது திரையில் ஒரு நேரத்தில் வரும் கதைத் துண்டை, திறந்தால் ஆச்சி கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கிறாள். சுட்டிக்காட்டியதும் ஒரு 'இஃப்' (ஆச்சி உயிருடன் இருந்தால் மட்டும் காட்டு என்ற கட்டளை) போட்டு அந்த வாக்கியத்தை மறைத்தார். சரி, பிழை போயிற்று. அதற்குப் பிறகு கதை முடியும் வரை அப்படி ஒருத்தி அந்த வீட்டில் வாழ்ந்ததற்கான சுவடே இல்லை. நாலு பேரும் கஞ்சி குடிக்கிறார்கள், ரேடியோ கேட்கிறார்கள், கதவுக்கு முட்டுக்கொடுக்கிறார்கள்.

இதைப் பார்த்த வாசகர் அதன் பிறகு கணக்குதான் போடுவார். ஒரு வாய் குறைந்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம் என்று யோசிப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அப்படி யோசிக்கக் கற்றுக்கொடுத்ததே நாம்தான். போஸ்னியப் போரில் நடந்த சரயேவோ முற்றுகையின் பாதிப்பில் உருவாகி 2014-ல் வந்த 'திஸ் வார் ஆஃப் மைன்' விளையாட்டில், கூட இருப்பவர் இறந்தால் மற்றவர்கள் சோர்ந்துபோவார்கள். முற்றிலும் இடிந்துபோனவர் சொன்ன வேலையைக்கூடச் செய்யமாட்டார். துக்கத்துக்கு அங்கே விலை உண்டு.

கோளாறு மாறியில், அதாவது கதையில் நடந்ததை ட்வைன் நினைவில் வைக்கும் இடத்தில், தொடங்குகிறது. 'ஆச்சி உயிருடன்: ஆம் அல்லது இல்லை' என்று ஒரே ஒரு மாறி வைக்கிறார்கள். எப்படி இறந்தாள், யார் எடுத்த முடிவு, தம்பிக்கு அது தெரியுமா என்ற எதுவும் அந்த 'இல்லை'யில் கிடையாது. அவற்றையும் தனியாகச் சேமியுங்கள்.

உடனே ஒரு பயம் வரும். ஐந்து பேருக்கு இருக்கிறார், இல்லை என்று இரண்டே நிலை வைத்தாலும் 32 சேர்க்கைகள். பிரிந்து போனவர் என்று மூன்றாவது நிலை சேர்த்தால் 243. அத்தனைக்கும் தனித்தனி பாசேஜ் எழுத உட்கார்ந்தவர்கள் கதையை முடித்து நான் பார்த்ததில்லை. நான் ஒவ்வொருவரும் சாகக்கூடிய காலத்தை முதலிலேயே வரையறுத்துவிடுவேன். ஆச்சி முதல் பகுதியில் மட்டும், அப்பா நடுவில் மட்டும். ஒரு பாசேஜில், கடைசியாகப் போனவருக்கு மட்டுமே நேரடியாக ஒரு வாக்கியம். அதற்கு முன்னால் போனவர்கள் அவர்கள் விட்டுப்போன பொருள்களின் வழியாக வருவார்கள். ஒருவர் சாகும் இடத்தை எழுதுவதற்கு முன்பே, அவர் இல்லாத அடுத்த மூன்று பாசேஜ்களை எழுதிவிடுவேன். அவை வரவில்லை என்றால் அவரைக் கொல்லவும் மாட்டேன்.

அந்த வரைவில் கடைசியில் சேர்த்தது இவ்வளவுதான்: "அன்றைக்கு ஆளுக்கு அரைக் கரண்டி கஞ்சி கூடுதலாக வந்தது. 'இன்னிக்கு நிறைய இருக்கே' என்றான் தம்பி." அம்மா உண்மையைச் சொல்வதா, பேச்சை மாற்றுவதா என்பது அங்கே வாசகருக்கான தேர்வு. அதற்குப் பிறகு தம்பி தண்ணீரைத் தொடுகிறானா இல்லையா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

நம் வீட்டில் இல்லாத நிலவறை

பெயர்கள் முருகேசன், செல்வி. பதுங்குவதோ நிலவறையில், சாப்பிடுவது டப்பாவில் அடைத்த பீன்ஸ். ஏன்? கரண்ட் போனால் போர்வெல் மோட்டார் ஓடாது, மொட்டைமாடித் தொட்டியில் இருப்பதுதான் தண்ணீர். 1000 லிட்டர் தொட்டியில் பாதி இருக்கிறது என்றால், ஐந்து பேர் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் செலவழித்தால் 25 நாள் வரும். மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்கா குடத்தோடு வந்து வாசலில் நிற்கட்டும்.

பின்னால் போகும் அம்பு

முந்தைய பாசேஜுக்குத் திரும்ப வைக்கும் பொத்தான் இது. ட்வைன் கதையின் திரைத் தோற்றத்தையும் கட்டளைகளையும் தீர்மானிக்கும் வடிவங்களான ஹார்லோவிலும் சுகர்க்யூபிலும் இது தானாகவே திரையில் இருக்கும். மறைத்துவிடுங்கள். இருந்தால் எந்தச் சாவும் நிலைக்காது.

எல்லா வழியும் சாவுக்கே

அப்படியென்றால் நாவல் எழுதலாம்.

பிரவுசரை நம்புவது

ட்வைனை பிரவுசரில் திறந்து எழுதினால் கதை அதற்குள்ளேதான் இருக்கும்; பிரவுசர் தரவை அழித்தால் கதையும் போய்விடும். எழுதி முடித்த ஒவ்வொரு நாளும் கோப்பாக இறக்கி வேறொரு இடத்தில் வையுங்கள்.