ஒரே விண்கலம், மூன்று விலை: சினிமா லெகோ செட் வாங்கும் முன் நான் பார்ப்பவை

போன வருடம் கும்பகோணத்திலிருந்து அம்மா எங்கள் நியூ ஜெர்சி வீட்டுக்கு வந்திருந்தபோது, சாப்பாட்டு மேஜை முழுக்க, ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் லெகோவின் சாம்பல் நிறத் துண்டுகள் இறைந்து கிடந்தன. ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி அவற்றைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். பாதியில் நிமிர்ந்து கேட்டாள்: "ஏண்டி, இதைக் கட்டி முடிச்சப்புறம் என்ன பண்ணுவீங்க?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அதற்கப்புறம் எந்த செட்டின் முன்னால் நின்றாலும் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. கட்டும் சுகத்துக்காக வாங்குகிறோமா, பிள்ளை விளையாடுவதற்கா, அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கா? மூன்றுக்கும் ஒரே பெட்டி பொருந்துவது அபூர்வம். இதை முடிவு செய்யாமல் படத்தின் பெயரைப் பார்த்து வாங்கினால் பணம் போகும்.

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் விண்கலமான மில்லெனியம் ஃபால்கனையே எடுத்துக்கொள்வோம். 2017-ல் வந்த பெரிய ஃபால்கன், எண் 75192, 7541 துண்டுகள். வந்தபோது 800 டாலர், பிறகு 850 ஆனது. 2019-ல் வந்தது 75257, ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் துண்டுகள், 160 டாலர். 2024-ல் 75375, 921 துண்டுகள், 85 டாலர். பெரியது கட்டுபவருக்கானது, வாரக்கணக்கில் உட்கார வைக்கும், முடிந்தபின் 84 சென்டிமீட்டர் நீளத்துக்கு இடம் கேட்கும். நடுவில் இருப்பது விளையாட்டுக்கு. மேல் ஓடுகளைத் திறந்து உள்ளே பொம்மைகளை உட்கார வைக்கலாம். சின்னதில் பொம்மையே கிடையாது, ஒரு தாங்கியின் மேல் சாய்வாக நிற்கும், அவ்வளவுதான். என் கணவருக்குப் பெரியதன் மேல் கண். டேப்பை எடுத்து எங்கள் டிவி மேஜையில் 84 சென்டிமீட்டர் அளந்து காட்டினேன். 85 டாலர் ஃபால்கன் வந்தது. அம்மா பிரித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அடுத்து எல்லாரும் போடும் கணக்கு: விலையைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுப்பது. அமெரிக்காவில் ஒரு துண்டுக்குப் பத்து சென்ட் என்றால் நியாயம் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. சினிமா உரிமம் உள்ள செட் என்றால் கொஞ்சம் கூடும். மேலே சொன்ன மூன்றையும் வகுத்துப் பாருங்கள். பெரியது பதினொரு சென்ட்டுக்கு மேல், நடுவானது பன்னிரண்டை ஒட்டி, சின்னது ஒன்பது சென்ட் சொச்சம். ஆக, பெரிய பெட்டி வாங்கினால் கட்டுபடியாகும் என்ற நினைப்பு இங்கே சரியில்லை. ஆனால் இந்தக் கணக்கை ரொம்பவும் நம்பாதீர்கள். லெகோ 2021-ல் விட்ட உலக வரைபட செட்டில் 11,695 துண்டுகள், விலை 250 டாலராக இருந்தது. துண்டுக்கு இரண்டு சென்ட்தான். ஏனென்றால் அதில் பெரும்பாலும் பொட்டு அளவு வட்டத் துண்டுகள். உளுந்தையும் பூசணிக்காயையும் எண்ணிக்கையில் ஒப்பிட முடியுமா? அந்த மாதிரிதான். கணக்குப் போடுங்கள், அது பத்து சென்ட்டிலிருந்து ரொம்ப விலகினால் ஏன் என்று பாருங்கள், அதோடு விடுங்கள்.

நான் நிஜமாகவே ஏமாந்தது அளவு விகிதத்தில். தப்பு என்னுடையதுதான், பெட்டியிலேயே தெளிவாக இருந்தது. 2018-ல் வந்த, ஹாரி பாட்டர் படங்களின் மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸ் கோட்டை, எண் 71043, 6020 துண்டுகள், 400 டாலர். துண்டுக்கு ஏழு சென்ட்கூட இல்லையே என்று குதித்தேன். இரண்டு வாரம் இரவுகளில் கட்டினோம். கட்டுவதில் அத்தனை ஆனந்தம்: பெருங்கூடம், அசையும் படிக்கட்டுகள், ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு குட்டி ரகசியம். முடிந்ததும் என் மகன் தன் ஹாரி பொம்மையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். பொம்மை வாசலில் நுழையவில்லை! அந்தக் கோட்டை குறும் அளவு. அதற்கென்றே 27 கடுகுப் பொம்மைகள் உள்ளன. வழக்கமான அளவில் வருவது கோட்டையை நிறுவிய நான்கு பேர் மட்டும், அவர்களும் உள்ளே போக முடியாது. அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அதே 400 டாலருக்கு 2020-ல், அந்தப் படங்களில் வரும் கடைத்தெருவான டயகான் ஆலி வந்தது, எண் 75978, 5544 துண்டுகள். அது வழக்கமான பொம்மை உள்ளே நடமாடும் அளவு. எங்கள் வீட்டுக்கு அதுதான் பொருத்தமாக இருந்திருக்கும். அதனால் விளையாட வாங்குகிறீர்கள் என்றால், பெட்டிப் படத்தில் பொம்மை கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள். அப்படி ஒரு படமே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

பொம்மைகள் என்றதும் இன்னொன்று. சினிமா செட்டில் பாதி விலை முகங்களுக்குத்தான் என்று நினைப்பவள் நான். யார் இருக்கிறார் என்பதைவிட யார் இல்லை என்று பாருங்கள். 2023-ல் 'அப்' படத்தின் பலூன் வீடு வந்தது, 598 துண்டுகள், 60 டாலர். கார்ல் இருக்கிறார், சிறுவன் ரஸ்ஸல் இருக்கிறான், டக் என்கிற நாய்கூட இருக்கிறது. கார்லின் மறைந்த மனைவி எல்லிக்குப் பொம்மை இல்லை. அந்த வீடே அவளுக்காகத்தானே பறந்தது! விலை நியாயம், வீடும் அழகு, ஆனாலும் நான் வாங்கவில்லை. இது என் கோணல். உங்களுக்குப் பலூன்கள் போதுமென்றால் தாராளமாக வாங்கலாம்.

சரி, இப்போது நான் செய்யும் முக்கியமான வேலைக்கு வருகிறேன். லெகோ தன் செட்டுகளுக்கான கட்டும் புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக இணையதளத்தில் இலவசமாகவே போடுகிறது. செட் எண்ணைத் தட்டினால் போதும். வாங்கும் முன் ராத்திரி படுக்கையில் அதைப் புரட்டுவேன். முதலில், ஒரே வேலை எத்தனை தடவை வருகிறது என்று பார்ப்பேன். ஒரு காலைக் கட்டிவிட்டு "இதேபோல் நான்கு" என்று வந்தால், நான்காவது காலில் கொட்டாவி நிச்சயம். சிலருக்கு அதுவே தியானம்; எனக்கு இல்லை. அடுத்து ஸ்டிக்கர். ஸ்டிக்கர் ஒட்டும் படிகளில் ஸ்டிக்கரின் எண் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். எண்ணிப் பாருங்கள். துண்டிலேயே அச்சிட்டது காலத்துக்கும் நிற்கும், ஸ்டிக்கர் சில வருடத்தில் ஓரம் தூக்கும். அதுவும் ஒன்பது வயதுக் கை ஒட்டினால் கோணலாகத்தான் உட்காரும். ஸ்டிக்கர் செட் வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு வழி: பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த தண்ணீரை ஒரே ஒரு சொட்டு துண்டின் மேல் தடவிவிட்டு, ஸ்டிக்கரைக் கத்தி முனையில் தூக்கி வையுங்கள். உடனே பிடித்துக்கொள்ளாது, நகர்த்தி நேராக்கலாம். நேரானதும் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கியது எங்கள் வீட்டில் 2022-ல் வந்த டெலோரியன் கார்தான். 'பேக் டு தி ஃபியூச்சர்' படங்களின் கால இயந்திரம், எண் 10300, 1872 துண்டுகள், அப்போது 170 டாலர். மூன்று படங்களில் வரும் மூன்று விதமாகவும் கட்டலாம், ஆனால் ஒரு சமயத்தில் ஒன்றுதான். முதலில் இது ஏமாற்று வேலையாகப் பட்டது. நடந்தது வேறு. முதல் படத்து மின்னல் பிடிக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு இரண்டாம் படத்துக் குப்பை உலையை வைப்பான் மகன். சக்கரங்களை மடக்கிப் பறக்கவிடுவான். உள்ளே விளக்கை எரியவைத்து அறை விளக்கை அணைப்பான். மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒரு கை அதன்மேல் படுகிறது. கோட்டையை யாரும் தொட்டு ஒரு வருடமாகிறது.

எப்போது வாங்குவது? வந்த வாரத்தில் வேண்டாம். சாதாரண செட்டுகளுக்குச் சில மாதங்களில் மற்ற கடைகளில் தள்ளுபடி வரும். ஆனால் பெரிய செட்டுகளில் காத்திருப்பது எதிராகவும் போகலாம். அந்த டெலோரியன் அதே வருடத்தில் 200 டாலர் ஆனது. பெரும்பாலான செட்டுகள் ஒன்றரை இரண்டு வருடம் விற்பனையில் இருந்துவிட்டு நிற்கும், அதற்குள் முடிவெடுங்கள். "நின்றுபோனால் விலை ஏறும், முதலீடு" என்று மட்டும் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2007-ல் வந்த பழைய ஃபால்கன், 10179, கைமாற்றுச் சந்தையில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போய்க்கொண்டிருந்தது. 2017-ல் புதியது வந்ததும் அதன் விலை இறங்கியது.

ஊருக்கு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. அங்கே பத்து சென்ட் வாய்ப்பாடெல்லாம் எடுபடாது. திருச்சி அக்காவிடம் சின்ன செட்டுகளை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பழைய செட் வாங்கலாமா? தாராளமாக. 1958-ல் செய்த துண்டும் இன்றைய துண்டோடு பொருந்தும். விலைக்கு, லெகோவைக் கைமாற்றி விற்கும் பிரிக்லிங்க் தளத்தைப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, கடந்த ஆறு மாதத்தில் விற்றுப்போன விலையைப் பாருங்கள். ஒருமுறை பக்கத்து ஊரில் ஒருவர் வீட்டு வாசலில் பரப்பி விற்றதை வாங்கினேன். பெட்டி இருந்தது, புத்தகம் இருந்தது, வீட்டுக்கு வந்து பார்த்தால் பொம்மைகள் ஒன்றுகூட இல்லை. அவற்றைத் தனியாக வாங்கக் கணக்குப் பார்த்தேன். செட்டுக்குக் கொடுத்ததில் முக்கால் பங்கு வந்தது. இப்போதெல்லாம் முதலில் பொம்மைகளை எண்ணுவேன், அவற்றின் கையில் இருக்கும் கோல், வாள் உட்பட. அப்புறம் வெள்ளைத் துண்டுகளைச் சாம்பல் நிறத் துண்டுகளோடு வைத்துப் பார்ப்பேன், வெயில் பட்டிருந்தால் பழுத்திருக்கும். கடைசியாகச் செம்பழுப்பு நிறத் துண்டு ஒன்றைக் கழற்றிப் பார்க்கக் கேட்பேன். சில வருடங்களில் வந்த அந்த நிறம் பழசானால் கையோடு படக்கென்று உடையும். கழற்ற விடமாட்டேன் என்பவரிடம் வாங்குவதில்லை.