3400-இல் இறங்கும் பட்டை எல்லாம் ஹைட்ரஜன் பிணைப்பு அல்ல

ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) தாளில் 3400 செ.மீ⁻¹ பக்கம் ஒளி உறிஞ்சலைக் காட்டும் பட்டை ஒன்று அகலமாக இறங்கினால் போதும், ‘ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு’, அதாவது ஓ–ஹெச்சின் ஹைட்ரஜனை அருகிலுள்ள ஆக்சிஜன் போன்ற அணு இழுத்துப் பிடித்திருக்கிறது என்று ரெக்கார்டு நோட்டில் ஏறிவிடும். சேர்மத்தைப் பொட்டாசியம் புரோமைடுடன் கலந்து அழுத்திய கேபிஆர் வில்லையில் எடுத்தது என்றால் அது தண்ணீராகவும் இருக்கலாம். பொட்டாசியம் புரோமைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். 3450 அருகே ஒன்று, 1640 அருகே இன்னொன்று என ஜோடியாக வந்தால் சந்தேகப்படுங்கள். சேர்மம் கலக்காத வெறும் வில்லையை அழுத்தி ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். அந்தத் தண்ணீரிலும் ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறதுதான். நாம் தேடியது அதுவா?

சரி, கரைசலுக்கு வருவோம். தூய எத்தனாலில் ஓ–ஹெச் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன்) பட்டை 3350 வாக்கில் அகலமாக இருக்கும். கார்பன் டெட்ராகுளோரைடில் கரைத்து நீர்க்க நீர்க்க அது தேய்ந்து, 3630 அருகே ஊசிபோல ஒரு பட்டை எழும். பிணைப்பில்லாத ஓ–ஹெச் அது. இங்கே அடிக்கடி சறுக்குவது செல்லின், அதாவது கரைசலை ஊற்றிக் கருவியில் வைக்கும் சிறு கலத்தின் தடிமனில். 1 மோலார் கரைசலை 0.1 மி.மீ. செல்லில் எடுத்துவிட்டு, 0.01 மோலார் கரைசலையும் அதிலேயே ஊற்றினால் எல்லாப் பட்டையும்தான் சுருங்கும். பிணைப்பு அறுந்ததாலா, சரக்கு குறைந்ததாலா? செறிவு நூறில் ஒன்றானால் செல் நூறு மடங்கு, அதாவது 10 மி.மீ. வேண்டும். கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலைக் கெடுக்கும் என்பதால் இதையெல்லாம் புகைக்கூண்டுக்குள் செய்யுங்கள்.

இரண்டு பட்டைகளின் பரப்பை நேரடியாக ஒப்பிட்டு ‘இத்தனை சதவீதம் பிணைந்திருக்கிறது’ என்று எழுதுவதும் தவறு. பிணைந்த ஓ–ஹெச் பல மடங்கு வலுவாக உறிஞ்சும்.

நீர்த்தும் பட்டை நகரவில்லையா? உடனே ‘மூலக்கூறினுள் பிணைப்பு’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மெத்தில் சாலிசிலேட்டுக்கு, அதாவது வலித்தைலத்தில் மணக்கிற அதே பொருளுக்கு, அந்த முடிவு சரி. அதன் ஓ–ஹெச் 3200 அருகே அசையாமல் நிற்கும். கார்போனைலும் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பின் பட்டை) 1680 வரை இறங்கியிருக்கும். அசெட்டிக் அமிலமோ 0.01 மோலாரிலும் பெரும்பாலும் இரட்டையாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். அது இரு மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்பு. அங்கே கார்போனைலைப் பாருங்கள்: இரட்டைக்கு 1710, தனி மூலக்கூறுக்கு 1760 அருகே.

அப்புறம் கீட்டோன்கள். 1715-இல் உறிஞ்சும் கார்போனைலின் மேற்சுரம், அதாவது ஏறக்குறைய இருமடங்கு எண்ணில் வரும் அதன் எதிரொலி, 3420 வாக்கில் சின்னதாகத் தலைகாட்டும். அதை ஓ–ஹெச் என்று குறித்த தாள்களை நிறையவே திருத்தியிருக்கிறேன்.

கரைப்பானும் சும்மா இருக்காது. அசிட்டோனும் ஈதரும் தாங்களே ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். குளோரோஃபார்மில் இன்னொரு வம்பு: கெடாமல் இருக்க அதில் 1 சதவீதம் வரை எத்தனால் சேர்த்து விற்பதுண்டு. புட்டியின் லேபிளைப் படிக்காமல் ஊற்றினால், உங்கள் சேர்மத்தில் இல்லாத ஓ–ஹெச் நிறமாலையில் வந்து நிற்கும்.