துப்பும் நுரை சிவந்திருக்கிறதா?

காலையில் பல் துலக்கித் துப்பும்போது நுரை லேசாகச் சிவந்திருந்தால், "பிரஷ் குத்திவிட்டது" என்று தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விடுகிறோம். ஒருநாள் என்றால் சரி. நாள் தவறாமல் வந்தால் அது பெரும்பாலும் ஈறு நோயின் தொடக்கம்தான். வலி இருக்காது, அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம்.

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழுதட்டை இழுத்துப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு பல்லை இறுகப் பிடித்து, இரண்டு பற்களுக்கு நடுவே கூர்மையாக முடியும். நோய் தொடங்கிய ஈறு அந்த இடத்தில் உப்பி, உருண்டு, பளபளக்கும். நம்மில் பலருக்கு ஈறு இயல்பிலேயே கருப்பு, அது நோயல்ல. நிறத்தைவிட வீக்கத்தைக் கவனியுங்கள். துலக்கியும் போகாத வாய் நாற்றமும் ஒரு அறிகுறி.

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மட்டும் துலக்காமல் விடுவார்கள் பாருங்கள், அதுதான் பெரிய தப்பு. அங்கே அழுக்குப் படலம் தங்கியதால்தான் ரத்தமே வருகிறது. மென்மையான பிரஷை ஈறோரமாகச் சாய்த்து, காலையும் இரவும் 2 நிமிடம் துலக்குங்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். அந்தப் படலம் கல்லாக இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷுக்கு அசையாது. இப்போதே சுத்தம் செய்தால் ஈறு பழையபடி தேறும். நோய் முற்றி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்த பிறகு அப்படி இல்லை.

அப்புறம், புகைப்பவர்கள் ரத்தத்தை நம்பி இருக்க வேண்டாம். அவர்களுக்கு ரத்தம் அதிகம் கசியாமலே நோய் முற்றலாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.