ஏற்றத்தில் மிஸ்ஸிங் அடிக்கும் பழைய டீசல் லாரி: பம்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வெறும் வண்டியாக ஓடும்போது எந்தக் குறையும் காட்டாத ஒரு பழைய லாரி, பாரத்துடன் சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கித் தொப்பூர் கணவாயில் ஏறும்போது மட்டும் இழுவை குறைந்து, விட்டுவிட்டு மிஸ்ஸிங் அடித்தால் (சிலிண்டரில் எரிப்பு விடுபட்டால்), பெரும்பாலான பட்டறைகளில் முதலில் கைவைக்கப்படுவது டீசல் பம்ப்தான். பம்பைக் கழற்றி, டீசல் பம்புகளைச் சரிபார்க்கும் பம்ப் ரூமில் காலிபரேஷன் (டீசல் அளவைச் சரிசெய்தல்) செய்து, மீண்டும் மாட்டிய பிறகும் அதே மேட்டில் அதே மிஸ்ஸிங் வருவதுண்டு. ஏனெனில் குறை பம்பில் இல்லாமல், பம்புக்கு டீசல் வந்து சேரும் வழியில் இருந்திருக்கும். செலவும் நாளும் மிகுதியாகக் கேட்கும் பம்ப் வேலை, மற்ற எல்லாவற்றையும் சோதித்து விலக்கிய பிறகே செய்யப்பட வேண்டும்.

இங்கே சொல்லப்படுவது இன்லைன் பம்பும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய பகுதிகள் ஒரே வரிசையில் அமைந்த டீசல் பம்ப்) தனித்தனி ஹை பிரஷர் பைப்புகளும் கொண்ட பழைய எஞ்சின்களுக்கு மட்டுமே பொருந்தும். டாடா லாரிகளில் நெடுங்காலம் ஓடிய, 97 மி.மீ. போரும் (சிலிண்டரின் விட்டம்) 128 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட 697 வகை ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சின் உள்ள வண்டியில், பின்னால் சொல்லப்படும் பைப்பைத் தளர்த்தும் சோதனையை ஒருபோதும் செய்யக்கூடாது. அங்கு அழுத்தம் 1,000 பாரையும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தாண்டும், உயிருக்கே ஆபத்து.

முதல் வேலை, ஸ்பேனரை எடுக்காமல் வண்டியை ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பது. பின்னால் வேறொரு வண்டியில் ஒருவர் வந்து புகையைக் கவனித்தால் பாதி நோய் தெரிந்துவிடும். இழுவை குறையும்போது புகையே இல்லையென்றால் எஞ்சினுக்குப் போதிய டீசல் போகவில்லை என்று கொள்ளலாம். கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது டைமிங் (டீசல் தூவப்படும் நேரம்) பின்தங்கியிருக்கிறது. கறுப்புப் புகை காற்றுக் குறைவையோ டீசலைத் தூவும் முனையான நாசில் சரியாகத் தூவாததையோ காட்டும். ஒலியிலும் வேறுபாடு உண்டு: ஒரே தாளத்தில் தவறாமல் விடுபட்டால் குறை ஒரு சிலிண்டருக்கு உரியது, எஞ்சின் முழுவதும் ஏறி இறங்கித் தள்ளாடினால் குறை எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது.

புகையில்லாத இழுவைக் குறைவே மிகுதியாகக் காணப்படுவது. மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெல்ல ஓடும்போது) எஞ்சின் குடிக்கும் டீசல் மிகக் குறைவு என்பதால், பாதி அடைத்த பில்டரும் சிறிது காற்று இழுக்கும் ஹோஸும் அப்போது தெரிவதில்லை. முழு லோடில் தேவை பலமடங்கு உயரும்போதுதான் வழியிலுள்ள நெருக்கடி வெளிப்படுகிறது. டேங்கிலிருந்து பீட் பம்ப் (டீசலை உறிஞ்சி டீசல் பம்புக்கு அனுப்பும் சிறிய பம்ப்) வரையிலான பகுதியில் டீசல் உறிஞ்சப்படுவதால், அங்குள்ள அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே ஹோஸில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். நனைந்த இடத்தைத் தேடுபவர் எதையும் காணாமல் "லைன் சுத்தமாக இருக்கிறது" என்று முடிவு செய்துவிடுவார்.

இதைப் பிடிக்க எளிய வழி, பீட் பம்புக்கு முன்னால் ஓரடி நீளத்திற்குத் தெளிவான, டீசல் தாங்கும் டியூபை மாட்டி, எஞ்சினை உயர்ந்த வேகத்தில் ஓடவிட்டு, குமிழிகள் ஓடுகின்றனவா என்று பார்ப்பது. குமிழிகள் தெரிந்தால் டேங்க் பக்கமாக ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்துச் செல்ல வேண்டும். டேங்கினுள் இருக்கும் உறிஞ்சுகுழாய் மேல்பகுதியில் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால், டேங்க் நிரம்பியிருக்கும்போது வராத மிஸ்ஸிங், பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு மட்டும் வரும். ஓட்டுநரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது பயன் தரும்.

டேங்க் மூடியையும் மறக்கக்கூடாது. மூடியிலுள்ள காற்றுத்துளை சேற்றால் அடைபட்டால், வண்டி சற்று நேரம் நன்றாக ஓடி, பிறகு மெல்ல இழுவை இழக்கும். குறை தோன்றியவுடன் ஓரங்கட்டி மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படும் ஒலி கேட்டு, அதன்பின் வண்டி தெளிவாக ஓடினால், காரணம் அதுதான். அடுத்ததாக, பீட் பம்பின் கீழேயுள்ள கிண்ணத்தைக் கழற்றி வலையைக் கழுவ வேண்டும். மெயின் பில்டர்களை மாற்றுபவர்கள்கூட இந்த வலையைப் பல ஆண்டுகள் திறப்பதில்லை. கை பிரைமரின் (டீசலைக் கையால் அடித்து ஏற்றும் பகுதி) குமிழை வேலை முடிந்ததும் இறுக்கி மூடாவிட்டால் அதன் வழியாகவும் காற்று புகும்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான விடை தருவது ஒரு சிறிய பிரஷர் கேஜ். மெயின் பில்டருக்கும் பம்புக்கும் இடையில் டி வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, 0 முதல் 4 பார் வரை காட்டும் கேஜை மாட்டி, வெளியிலிருந்து ஓட்டுநர் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்படி கட்டி, பாரத்துடன் ஏற வேண்டும். பீட் பம்ப் எப்போதும் எஞ்சினின் தேவையைவிட மிகுதியாகத் தள்ளும். மிகுதி, ஏறத்தாழ 1 முதல் 1.5 பாரில் திறக்கும் ஓவர்ஃப்ளோ வால்வு வழியாக டேங்குக்குத் திரும்பும். மிஸ்ஸிங் தொடங்கும் நேரத்திலேயே முள் விழுந்தால் குறை டீசல் வரும் வழியில், அல்லது ஸ்பிரிங் தளர்ந்த ஓவர்ஃப்ளோ வால்வில் இருக்கிறது. முள் அசையாமல் நின்றும் எஞ்சின் தடுமாறினால் அந்தப் பகுதி முழுவதையும் பெரும்பாலும் விலக்கிவிடலாம். இவ்வளவு தெளிவாகப் பாதையை இரண்டாகப் பிரிக்கும் சோதனை வேறொன்றும் இல்லை என்பதால், ஒவ்வொரு பட்டறையிலும் இத்தகைய கேஜ் ஒன்று இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

ஒரு சிலிண்டர் மட்டும் விடுகிறது என்று தெரிந்தால், அது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சினை ஐடிலைவிடச் சற்றே உயர்ந்த வேகத்தில் நிறுத்தி, ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் (நாசிலைத் தாங்கி, சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் பகுதி) ஹை பிரஷர் பைப்பின் நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, ஒலி மாறுகிறதா என்று கவனித்து, உடனே இறுக்க வேண்டும். தளர்த்தியதும் எஞ்சின் சரிந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. மாற்றமே இல்லையென்றால் தேடியது அதுதான். இந்த எஞ்சின்களில் நாசில் ஏறத்தாழ 200 பாரில் திறக்கிறது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும், வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரிந்தாலும் உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. கண்ணாடி அணிந்து, நட்டின் மேல் துணியைப் போட்டுச் செய்ய வேண்டும். விரலால் கசிவைத் தடவிப் பார்க்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். லோடில் மட்டும் தளரும் சிலிண்டர் இந்தச் சோதனையில் தப்பிவிடவும் கூடும். அப்போது, ஏற்றம் ஏறி நிறுத்தியவுடன் எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் ஆறு கிளைகளையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்தால், மற்றவற்றைவிடக் குறைவாகச் சூடேறிய கிளை அதைக் காட்டிக்கொடுக்கும்.

கண்டுபிடித்த சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றி, நன்றாக வேலை செய்யும் வேறொரு சிலிண்டரின் இன்ஜெக்டருடன் இடம் மாற்ற வேண்டும். பழைய காப்பர் வாஷர் குழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புதியதைப் போட்டால் நாசில் முனை உயர்ந்து, டீசல் பிஸ்டன் குழிக்குள் விழ வேண்டிய இடத்தில் விழாது. மிஸ்ஸிங் இன்ஜெக்டருடன் சேர்ந்து இடம் மாறினால் நாசிலை டெஸ்டரில் போட்டு, திறக்கும் அழுத்தம், தூவும் விதம், சொட்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பழைய இடத்திலேயே நின்றால் குறை பைப்பிலோ, வால்விலோ, கம்ப்ரஷனிலோ (சிலிண்டர் காற்றை அழுத்தும் திறன்), பம்பின் அந்த ஒரு எலிமெண்டிலோ (அந்தச் சிலிண்டருக்கு மட்டும் டீசல் தள்ளும் பகுதி) இருக்கும்.

பைப்பின் நிப்பிள் முனை பல ஆண்டுகள் இறுக்கி இறுக்கி உள்விட்டம் சுருங்கியிருக்கலாம். ஆறு முனைகளையும் ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியும். டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பகுதிக்கும் இடையிலான இடைவெளி) குளிர்ந்த எஞ்சினில் அளக்க வேண்டும். 697-க்கு இன்லெட் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. என்றாலும், வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். எக்ஸாஸ்ட் இடைவெளி குறைந்திருந்தால், லோடில் வால்வு சூடேறி நீண்டு, இருக்கையில் முழுமையாக அமராமல் கம்ப்ரஷன் கசியும்; காலையில் நன்றாக இருந்து, சூடான பிறகு மட்டும் விடும் சிலிண்டரில் முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் சேர்ந்து கம்ப்ரஷன் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் அவற்றின் இடையே போயிருக்கிறது.

கறுப்புப் புகை வந்தால் ஏர் கிளீனரோடு எக்ஸாஸ்ட் பிரேக்கின் (புகைவழியை அடைத்து வண்டியின் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) தட்டையும் பார்க்க வேண்டும்; அது முழுமையாகத் திறக்காமல் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் மூச்சுத் திணறும். எல்லாச் சிலிண்டர்களிலும் வெள்ளைப் புகையும் மந்தமும் இருந்தால் பம்ப் கப்ளிங் போல்ட்டுகள் தளர்ந்து டைமிங் குறி நகர்ந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கடந்தும் ஒரு சிலிண்டர் விடுகிறது என்றால், பம்பைக் கழற்றும் முன் ஒரு சோதனை மிஞ்சியிருக்கிறது. அந்தச் சிலிண்டரின் பைப்பைப் பம்ப் பக்கத்தில் கழற்றி, எஞ்சின் நின்ற நிலையில் ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கை பிரைமரை அடிக்க வேண்டும். பம்பிலிருந்து பைப்புக்கு டீசலை விடும் டெலிவரி வால்வின் வாயில் டீசல் ஊறி வந்தால் வால்வு இருக்கை கசிகிறது. இப்போது பம்ப் ரூமுக்குப் போகும்போது, எத்தனையாவது எலிமெண்ட், என்ன அறிகுறி, கேஜ் காட்டிய அழுத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். மாட்டிய பிறகு, பில்டர், பம்ப், இன்ஜெக்டர் என்ற வரிசையில் காற்றை நீக்கி, கேஜைக் கழற்றாமலே, அதே பாரத்துடன் அதே மேட்டில் அதே கியரில் ஏற்றிப் பார்த்து, எஞ்சினை நிறுத்தி, சூடாக இருக்கும்போதே எல்லா பைப் நட்டுகளிலும் கசிவு உண்டா என்று டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.