ஹவுராவில் இறங்கினதும் லாஞ்சு ஏறுங்க

காசிமேட்டில் 30 வருஷமாக லாஞ்சு இன்ஜின் பார்க்கிறவன் நான். "தெனம் போட்டுலதான் கெடக்குற, போட்டு ஏறி ஊர் பாக்கவா கல்கத்தா போன?" என்று கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன்கார அக்கா இன்னும் விடாமல் கேட்கிறது. இன்ஜின் ரூமில் குனிந்து கிடக்கிறவனுக்கு ஊர் எங்கே தெரியும்? தெரிவதெல்லாம் டீசல் புகைதான். மேல்தட்டில் காற்று வாங்கிக்கொண்டு ஒரு ஊரைப் பார்த்தது அங்கேதான். இரண்டு தடவை போய் வந்தாயிற்று. போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் விஷயம் ரயில். சென்ட்ரலில் ஹவுரா மெயிலில் ஏறுங்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுரா வராமல் ஷாலிமார் ஸ்டேஷனோடு நின்றுவிடுகிறது. ஹவுரா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே ஹூக்ளி ஆறு, அக்கரைதான் கல்கத்தா. இடது கைப்பக்கம் ஹவுரா பாலம், கரையிலேயே படகுத்துறை. டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். கண்டுகொள்ளாமல் நடந்து, கவுன்டரில் 'பாபுகாட்' என்று மட்டும் சொல்லுங்கள். அது கல்கத்தா கரையில் இருக்கிற துறை, 'காட்' என்றால் படித்துறை. டிக்கெட் ஒரு டீ விலைகூட வராது. அங்கேயும் அதற்கு 'லாஞ்சு' என்றுதான் பேர். அது கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

முதல் தடவை போனபோது நான் ஏமாந்தேன். 'சொகுசுப் படகு' என்று ஒருவர் கூட்டிப்போனார். நாலு பேருக்கு 3,200 ரூபாய். ஆறிப்போன சமோசா, காது கிழியப் பாட்டு, பாலத்துக்கு அடியில் போகாமலேயே திரும்பிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற லாஞ்சில் இதைவிட அதிகம் பார்க்கலாம்.

படியில் இறங்கும்போது கவனம். துறை மிதக்கிற மேடை. கடல் வெகு தூரத்தில் இருந்தாலும் தண்ணீர் ஏறி இறங்குவது ஊருக்குள் வரை தெரிகிறது. தண்ணீர் வற்றியிருந்தால் இறங்குபாதை செங்குத்தாகிவிடும். என் வீட்டம்மாவுக்கு முட்டி வலி. கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்கினார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சில நாள் ஆற்றில் அலை எதிர்த்து ஏறும். அப்போது லாஞ்சை நிறுத்திவைப்பார்கள். கோபப்படாதீர்கள், டீ குடித்துக்கொண்டு காத்திருங்கள்.

பாபுகாட் போகிறபோது பின்பக்கம் நில்லுங்கள். பாலம் முழுசாகத் தெரிவது அங்கிருந்துதான். 1943இல் திறந்தது, 26,500 டன் எஃகு, நட்டும் போல்ட்டும் கிடையாது, எல்லாம் ரிவிட். வெற்றிலை எச்சில் துப்பியே அதன் கால்களை அரித்துவிட்டார்கள் என்று அடியில் ஃபைபர் உறை போட்டிருக்கிறார்கள். (நம்ம ஊரில் அந்தப் பாலம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன், வேண்டாம்.) கல்கத்தா கரையில் மல்லிக் காட் பூச்சந்தை, அப்புறம் 1734இல் கட்டின ஆர்மீனியன் காட். நம்ம பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறதே, ஆர்மீனியன் என்பதுதான் வாயில் அப்படித் திரிந்தது. அதே ஆட்கள்தான் இங்கேயும் வியாபாரம் பண்ணியிருக்கிறார்கள்.

மத்தியானத்துக்கு மேல் போங்கள். காலையில் சூரியன் கல்கத்தா கரைக்குப் பின்னால் இருக்கும், கட்டடமெல்லாம் கருப்பாகத்தான் தெரியும். டிசம்பரில் அஞ்சு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. நம்ம ஊர்க் கணக்கில் போனால் இருட்டில்தான் நிற்க வேண்டும்.

பாபுகாட்டில் லாஞ்சு அணைகிறதைக் கொஞ்சம் பாருங்கள். டிரைவர் துறையைத் தாண்டிப்போய் வளைத்து, நீரோட்டத்துக்கு எதிராக மூக்கைத் திருப்புகிறார். ஒரு ஆள் தூரம் இருக்கும்போதே பையன் கயிற்றை வீசி, இரும்புக் குத்தியில் இரண்டு சுற்றுப் போட்டு, காலை வைத்து அழுத்துகிறான். கயிறு முனகுகிறது. அதற்குள் பாதிப் பேர் குதித்தாயிற்று. நீங்கள் குதிக்காதீர்கள்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் பிரின்செப் காட். பிராமி எழுத்தைப் படித்துச் சொன்ன ஜேம்ஸ் பிரின்செப் நினைவாகக் கட்டின வெள்ளைத் தூண் மண்டபம். துடுப்புப் படகுகள் நிற்கும். பேரம் பேசியே ஏறுங்கள், நேரத்தையும் சொல்லி வாங்குங்கள். 1992இல் திறந்த வித்யாசாகர் பாலத்துக்குக் கிட்டே கொண்டுபோவார்கள்.

இன்னொரு நாள் காலையில் மெட்ரோவில் தட்சிணேஸ்வரம் போங்கள். ராணி ராஸ்மணி 1855இல் கட்டின காளி கோயில். கும்பிட்டுவிட்டுப் பக்கத்துத் துறையில், ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடத்துக்குப் படகு ஏறலாம். பாலங்களுக்கு அடியில் புகுந்து போகிறது, அருமையான பயணம். இரண்டு இடத்திலும் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் எட்டு மணிக்கே கிளம்புங்கள். ஹவுராவிலிருந்து வடக்கே போகிற இன்னொரு லாஞ்சில் சோபாபஜார் இறங்கினால் களிமண்ணில் துர்க்கை செய்கிற குமர்துலி. வழியில் நிம்தலா சுடுகாடு வரும், அங்கே போனை உள்ளே வையுங்கள்.

கடைசி லாஞ்சு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கவுன்டரில் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை, விட்டுவிட்டோம். எஸ்பிளனேடு வரை நடந்து, 2024இல் திறந்த மெட்ரோவில் ஆற்றுக்கு அடியாலேயே ஹவுரா திரும்பினோம். தண்ணீருக்கு அடியில் போகிறோம் என்று காட்ட நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள், ஒரு நிமிஷம்கூட இல்லை. "அவ்வளவுதானா? மீன் ஒண்ணுகூடத் தெரியல" என்றார் வீட்டம்மா.